பிற மென்பொருளின் திகதிப் பெட்டியை ஸ்கிரிப்ட்டால் நிரப்புவது: முழுமையான வழிகாட்டி

வன்னியில் காலபோக அறுவடை தொடங்கிவிட்டால், நெல் வாங்கும் கூட்டுறவுச் சங்கத்திலோ ஆலையிலோ கணினிக்கு முன்னால் ஆறுதலாக இருந்து பதிய யாருக்கும் நேரம் கிடையாது. பற்றுச்சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு அடிக்கட்டையை வைத்துக்கொள்வார்கள். மின்சாரம் நின்ற நாளின் கணக்கும் அப்படித்தான் கொப்பியில் ஏறும். அறுவடை முடிந்தபின் அவை எல்லாம் கட்டுக்கட்டாகப் பதிவு மேசைக்கு வரும். கமக்காரரின் பெயர், மூடை, எடை, விலை எல்லாவற்றையும் எக்செல்லில் இருந்து எடுத்து, சங்கத்தின் கணக்கு மென்பொருளில் ஒரு ஸ்கிரிப்ட்டே (கணினி வரிசையாகச் செய்யும் கட்டளைகளின் சிறு கோப்பு) நிரப்பிவிடும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லோரும் தட்டுப்பட்டு நிற்பது ஒரே இடத்தில், திகதிப் பெட்டியில்.

அது சாதாரண எழுத்துப்பெட்டி அல்ல. அதற்குள் எழுத்தை வைக்கச் சொன்னால் வைக்காது. கிளிக் செய்தால் குட்டி நாட்காட்டி விரியும், அம்புக்குறியை அழுத்தி மாதம் மாதமாகப் பின்னால் போக வேண்டும். நூற்றுக்கணக்கான சீட்டுகளுக்கு அதைக் கையால் செய்யும்போது கண் சோர்ந்து, பெப்ரவரிச் சீட்டு மார்ச்சில் விழும். பயிர்க்கடனுக்கு வட்டி எண்ணுவது திகதியில் இருந்துதான். ஒரு மாதம் பிசகினால் அது ஒரு குடும்பத்தின் கையில் இருந்து போகும் காசு. அதனால்தான் இந்த ஒரு பெட்டிக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விசைகளை அனுப்பி ஒப்பேற்றுவதை விட, அந்தப் பெட்டிக்குப் புரியும் செய்தியை (விண்டோஸில் சாளரங்களுக்கும் பெட்டிகளுக்கும் எண்ணால் அனுப்பும் கட்டளையை) நேரடியாக அனுப்பி, அது மென்பொருளின் உள்ளும் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்ப்பதே நம்பத்தக்க வழி. கீழே விண்டோஸ் கணினியில், ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டும் கருவியான ஓட்டோஹொட்கீயின் இரண்டாம் பதிப்பை வைத்து விளக்குகிறேன். அதே வேலைக்கு ஓட்டோஇட், பைதன் பாவிப்பவர்களுக்கும் தனியாக ஒரு பகுதி உண்டு. கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், எண்கள் எல்லாம் வழக்கமான பத்தின் அடி எண்கள். ஸ்கிரிப்ட்டில் அப்படியே போடலாம்.

தொடங்க முன்

முதலில் அந்த மென்பொருளில் கோப்பிலிருந்து இறக்குமதி செய்யும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்குத் தேவையில்லை, அதுவே சிறந்தது.

இல்லை என்றால் சங்கத்தின் பொறுப்பாளரிடம் சொல்லி, அவருடைய ஒப்புதலோடு செய்யுங்கள். கணக்குப் பரிசோதகர் வந்து கேட்கும்போது, பதிவுகள் எப்படி ஏறின என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். தரவுத்தளத்தின் பிரதி ஒன்றை எடுத்து, பரீட்சார்த்தமெல்லாம் அந்தப் பிரதியில் மட்டும். செய்தி அனுப்பும் முறையில் ஒரு எண் பிழைத்தாலும் அந்த மென்பொருள் அப்படியே மூடிப்போகலாம், சேமிக்காத வேலையும் அதோடு போகும்.

அடுத்தது உங்கள் எக்செல் தாள். திகதியை ஒரே கலத்தில் வைக்க வேண்டாம். வருடம், மாதம், நாள் என்று மூன்று நிரல்களில் வெறும் எண்களாக வையுங்கள். ஒரே கலத்தில் 03/04/2025 என்று இருந்தால், பிரித்தானிய அமைப்பில் உள்ள கணினி அதை ஏப்ரல் 3 என்றும், அமெரிக்க அமைப்பில் உள்ளது மார்ச் 4 என்றும் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் நிறுவும்போது அமெரிக்க அமைப்பை மாற்றாமல் விட்ட கணினிகள் நம் பக்கத்தில் ஏராளம். கமக்காரர் பெயர் தமிழில் இருந்தால், தாளை யூடிஎஃப்-8 வகைக் கோப்பாகச் சேமியுங்கள், இல்லாவிட்டால் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

அடிக்கட்டைகளைத் தாளில் ஏற்றுபவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீட்டில் 'தை 5' என்று எழுதியிருந்தால், எங்கள் அலுவலக வழக்கில் அது ஜனவரி 5. மாசி பெப்ரவரி, பங்குனி மார்ச், சித்திரை ஏப்ரல் என்று போகும். ஆனால் பஞ்சாங்கப்படி தை 5 என்பது ஜனவரி 18, 19 அளவில் வருவது. சங்கச் சீட்டுகளில் இந்தக் குழப்பம் அரிது. கோவில் திருவிழாவுக்கு நெல் கொடுத்த கணக்கு போன்றவற்றில் வரலாம். சந்தேகமானால் எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள்.

அது எந்த வகைப் பெட்டி

ஓட்டோஹொட்கீயோடு விண்டோ ஸ்பை என்ற சிறு கருவி வரும். அதைத் திறந்து, மவுஸைத் திகதிப் பெட்டியின் மேல் வைத்தால், அந்தப் பெட்டியின் வகுப்புப் பெயரைக் காட்டும். எப்படி அணுகுவது என்பதை அந்தப் பெயரே தீர்மானிக்கும்.

சிஸ்டேட்டைம்பிக்32 என்று வந்தால் அது விண்டோஸின் சொந்தத் திகதிப் பெட்டி. சிஸ்மந்த்கால்32 என்றால் எப்போதும் விரிந்தபடி இருக்கும் மாத நாட்காட்டி. மைக்ரோசொஃப்டின் டொட்நெட்டில் எழுதிய மென்பொருளில் இதே பெயரின் முன்னால் விண்டோஸ்ஃபோர்ம்ஸ்10 என்றும், பின்னால் ஒரு நீண்ட வாலும் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது அதே பெட்டிதான். டெல்ஃபியில் எழுதியவற்றில் டிடேட்டைம்பிக்கர் என்று வரும், அதுவும் அதேதான். விசுவல் பேசிக் 6 காலத்து மென்பொருளில் டிடிபிக்கர்20 என்று தொடங்கும் பெயர் வரும். அதற்கு முதலில் வாசிக்கும் செய்தியை (கீழே வரும் 4097) மட்டும் அனுப்பிப் பாருங்கள். திரையில் உள்ள திகதி சரியாகத் திரும்பி வந்தால் மற்ற வேலைகளுக்கும் போகலாம்.

விண்டோ ஸ்பை காட்டும் பெயரின் கடைசியில் ஒரு வரிசை எண் ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். சாளரத்தில் உள்ள முதல் திகதிப் பெட்டி சிஸ்டேட்டைம்பிக்321 என்று தெரியும், இரண்டாவது 322. இது முந்நூற்று இருபத்தொன்று அல்ல, 32 வகுப்புப் பெயரின் பகுதி, 1 வரிசை எண். கடன் கொடுத்த திகதி, திருப்பும் திகதி என்று இரண்டு பெட்டிகள் உள்ள சாளரத்தில் எது 321, எது 322 என்று முதலிலேயே எழுதி வையுங்கள். திரையில் மேலே இருப்பதுதான் 1 என்று எந்த விதியும் இல்லை.

மவுஸை எங்கே வைத்தாலும் முழுச் சாளரத்துக்கும் ஒரே பெயர்தான் வருகிறது என்றால், அந்த மென்பொருள் ஜாவாவிலோ, டொட்நெட்டின் இன்னொரு சாளர முறையான டபிள்யூபிஎஃப்பிலோ எழுதப்பட்டிருக்கலாம். அதற்கு வேறு வழி, பின்னால் வருகிறேன்.

விசைகளால் நிரப்புவது

சில சீட்டுகள் மட்டும் என்றால் இது போதும். கன்ட்ரோல்ஃபோகஸ் கட்டளையால் பெட்டியைத் தெரிவுசெய்து, கன்ட்ரோல்சென்ட் கட்டளையால் எண்களையும் வலது அம்புக்குறியையும் அனுப்பலாம். நாள், மாதம், வருடம் என்ற ஒவ்வொரு பகுதிக்கும் இடையே வலது அம்புக்குறி.

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, பெட்டி நாளை முதலில் காட்டுகிறதா மாதத்தை முதலில் காட்டுகிறதா என்பது பெரும்பாலும் அந்தக் கணினியின் பிராந்திய அமைப்பைப் பொறுத்தது. பரந்தன் கிளையில் சரியாக ஓடிய ஸ்கிரிப்ட், புதுக்குடியிருப்புக் கிளையில் 5ஆம் மாதத்தை 5ஆம் நாளாக்கிவிடும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. நாள் 12க்கு மேல் போனால்தான் வித்தியாசம் தெரியும்.

மற்றது, பெட்டி எந்த நேரத்திலும் செல்லுபடியாகும் திகதியையே வைத்திருக்கும். பெட்டியில் இப்போது பெப்ரவரி இருக்கிறது, நீங்கள் வைக்க வேண்டியது ஜனவரி 31 என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நாளில் 31 என்று அடித்தால், பெப்ரவரியில் 31 இல்லாததால் அது ஏற்காது. அதன்பின் மாதத்தை மாற்றினாலும் நாள் பழையதாகவே இருக்கும். அதனால் முதலில் நாளில் 01 வைத்து, மாதத்தையும் வருடத்தையும் மாற்றி, பிறகு நாளுக்குத் திரும்பி உண்மையான எண்ணை அடிக்க வேண்டும். ஒற்றை இலக்கத்தை 1 என்று அடிக்காமல் 01 என்று அடியுங்கள். 1 என்று மட்டும் வந்தால் பெட்டி இன்னொரு இலக்கத்துக்காகக் காத்திருக்கும்.

செய்தியால் நிரப்புவது

திகதிப் பெட்டிக்கு இரண்டு செய்திகள் முக்கியம். 4097 அனுப்பினால் தன்னிடம் உள்ள திகதியைச் சொல்லும். 4098 அனுப்பினால் நீங்கள் கொடுக்கும் திகதியை வைத்துக்கொள்ளும். மாதம் முதலில் வருகிறதா நாள் முதலில் வருகிறதா என்ற கேள்வி இங்கே எழாது, பெப்ரவரி 31 பிரச்சினையும் வராது. மூன்று எண்களும் ஒரே தடவையில் போகின்றன.

திகதி போகும் உருவம் சிஸ்டம்டைம் எனப்படும் 16 பைட் நினைவகத் துண்டு. அதற்குள் இரண்டு இரண்டு பைட்டாக எட்டு எண்கள்: 0ஆம் இடத்தில் வருடம், 2இல் மாதம், 4இல் வாரத்தின் நாள், 6இல் நாள், 8இல் மணி, 10இல் நிமிடம், 12இல் செக்கன், 14இல் மில்லிசெக்கன். வாரநாள் நடுவில் வந்து நாளை 6க்குத் தள்ளுகிறது என்பதை மறக்க வேண்டாம். பலருடைய ஸ்கிரிப்ட்டில் நாள் 4ஆம் இடத்தில் உட்கார்ந்திருக்கும், பெட்டி பழைய நாளிலேயே நிற்கும். வாரநாளை 0 என்று விட்டால் போதும்.

இப்போது முக்கியமான இடம். 16 பைட்டை உங்கள் ஸ்கிரிப்ட்டில் உருவாக்கி, அதன் முகவரியைச் செய்தியோடு அனுப்பினால் வேலை செய்யாது. விண்டோஸில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் நினைவகம் தனித்தனி. உங்கள் முகவரியை அங்கே கொடுப்பது, பரந்தனில் உள்ள வீட்டு இலக்கத்தைச் சொல்லி மாங்குளத்தில் தேடச் சொல்வது போன்றது. எழுத்துப்பெட்டிக்கு எழுத்து அனுப்புவது போன்ற, 1024க்குக் குறைந்த எண்ணுள்ள செய்திகளுக்கு விண்டோஸே இடையில் நின்று பிரதி எடுத்துக் கொடுக்கும். 4098க்கு அது செய்யாது. மென்பொருள் இல்லாத முகவரியை வாசிக்கப் போய் மூடிப்போகும், அல்லது அங்கே கிடந்த குப்பையைத் திகதியாக எடுக்கும். ஆகவே அந்த மென்பொருளின் நினைவகத்துக்குள்ளேயே 16 பைட் இடம் கேட்டு வாங்கி, அதில் திகதியை எழுத வேண்டும். வரிசை இதுதான்:

1. வின்கெட்பிஐடி கட்டளையால் மென்பொருளின் செயல்முறை எண்ணையும், கன்ட்ரோல்கெட்எச்டபிள்யூஎன்டி கட்டளையால் பெட்டியின் ஹேண்டில் எண்ணையும் (விண்டோஸ் அதற்குக் கொடுத்த அடையாள எண்) எடுங்கள்.

2. விண்டோஸின் உள் கட்டளைகளை அழைக்கும் டிஎல்எல்கோல் வழியாக ஓப்பன்புரொசெஸ்ஸை அழையுங்கள். கேட்கும் உரிமை 56. அது 8, 16, 32 ஆகிய மூன்றின் கூட்டு: நினைவகத்தைக் கையாள, வாசிக்க, எழுத. எல்லா உரிமையும் கேட்க வேண்டியதில்லை.

3. வேர்ச்சுவல்அலொக்எக்ஸ்ஸை அழைத்து 16 பைட் கேளுங்கள். வகை 12288, பாதுகாப்பு 4. திரும்பி வரும் விடையின் வகையைப் பிடிஆர் (முகவரி வகை) என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் ஓட்டோஹொட்கீ அதை 32 பிட் எண்ணாக வெட்டிவிடும். 64 பிட் மென்பொருளின் முகவரி அதோடு பாழாகும்.

4. அந்த முகவரியைக் கொடுத்து 4097 செய்தியை சென்ட்மெசேஜால் அனுப்புங்கள். பிறகு ரீட்புரொசெஸ்மெமரியால் அந்த 16 பைட்டையும் உங்கள் ஸ்கிரிப்ட்டின் பஃபருக்குள் (ஒதுக்கிய நினைவகத்துக்குள்) எடுங்கள். இப்போது பெட்டியில் உள்ள திகதியும் நேரமும் உங்கள் கையில்.

5. நியூம்புட் கட்டளையால் 0, 2, 6 ஆகிய மூன்று இடங்களை மட்டும் யூஷோர்ட் (2 பைட் எண்) வகையில் மாற்றுங்கள். மணி, நிமிடத்தைத் தொட வேண்டாம்.

6. ரைட்புரொசெஸ்மெமரியால் திருப்பி எழுதி, 4098 செய்தியை அதே முகவரியோடு அனுப்புங்கள். செய்தியோடு போகும் இரண்டு மாறிகளில் முதலாவது 0, இரண்டாவது அந்த முகவரி.

7. வேர்ச்சுவல்ஃப்ரீஎக்ஸ் (அளவு 0, வகை 32768), பிறகு குளோஸ்ஹேண்டில்.

ஏன் முதலில் வாசித்துவிட்டு எழுதச் சொல்கிறேன் என்றால், சில மென்பொருட்கள் திகதியோடு நேரத்தையும் சேர்த்தே சேமிக்கும். எல்லாவற்றையும் 0 ஆக்கி அனுப்பினால் பதிவு நள்ளிரவு 12 மணிக்கு விழும். அன்றைய அறிக்கையில் அது முதல் நாளின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

4097க்கு வரும் விடையையும் பாருங்கள். 0 என்றால் திகதி இருக்கிறது. 1 என்றால் பெட்டியின் இடப்பக்கம் உள்ள சிறு சரிக்குறி எடுக்கப்பட்டிருக்கிறது, அதாவது திகதி இல்லை. கடன் இன்னும் திருப்பப்படாத பதிவுகளில் இப்படி இருக்கும். 4098க்கு 0 வந்தால் பெட்டி உங்கள் திகதியை மறுத்துவிட்டது: ஒன்றில் அப்படி ஒரு நாளே இல்லை, அல்லது மென்பொருள் வகுத்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. வருட முடிவுக் கணக்கு பூட்டப்பட்ட பிறகு பழைய வருடத் திகதியை ஏற்காத மென்பொருட்கள் உண்டு. அந்த எல்லையை ஸ்கிரிப்ட்டால் உடைக்கப் பார்க்க வேண்டாம், அது காரணத்தோடுதான் போடப்பட்டிருக்கிறது.

செய்தியை சென்ட்மெசேஜால்தான் அனுப்ப வேண்டும், போஸ்ட்மெசேஜ் கூடாது. போஸ்ட் செய்தால் விடைக்குக் காத்திராமல் ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போய் நினைவகத்தை விடுவித்துவிடும். செய்தியைத் திறந்து பார்க்கும் நேரத்தில் அந்த இடம் காலியாக இருக்கும்.

திரையில் மாறியது, உள்ளே மாறவில்லை

இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள். 4098 அனுப்பியதும் பெட்டியில் புதிய திகதி தெரியும். 4097 அனுப்பிக் கேட்டாலும் புதிய திகதியையே சொல்லும். ஆனாலும் சேமித்தபின் பழைய திகதி பதிவாகலாம்.

காரணம் இதுதான். மனிதர் ஒருவர் திகதியை மாற்றும்போது, பெட்டி தன் தாய்ச் சாளரத்துக்கு (தன்னை உள்ளடக்கிய சாளரத்துக்கு) 'திகதி மாறிவிட்டது' என்று அறிவிக்கும். வெளியிலிருந்து 4098 அனுப்பி மாற்றும்போது அந்த அறிவிப்பு போவதில்லை. டொட்நெட் மென்பொருட்கள் தங்கள் திகதியை உள்ளே தனியாகப் பிரதி எடுத்து வைத்திருக்கின்றன, அறிவிப்பு வந்தால்தான் அதைப் புதுப்பிக்கும். ஆக, திரையில் மார்ச் 15, சேமிப்பில் இன்றைய திகதி.

இதற்கு நான் விரும்பும் தீர்வு கடைசி ஒரு படியை மட்டும் விசையால் செய்வது. வேண்டிய நாளுக்கு முந்தைய நாளைச் செய்தியால் வைத்து, நாள் பகுதியில் மேல் அம்புக்குறியை ஒரு தடவை அனுப்புங்கள். பெட்டி தானே ஒரு நாள் கூட்டி, தானே அறிவிப்பையும் அனுப்பிவிடும். வேண்டிய நாள் 1ஆம் திகதி என்றால் முந்தைய நாள் வேறு மாதத்தில் போய் விழும், அம்புக்குறியோ மாதத்தைத் தாண்டாமல் அதே மாதத்துக்குள்ளேயே சுற்றும். அப்போது 2ஆம் திகதியை வைத்து, கீழ் அம்புக்குறியை அனுப்புங்கள்.

அம்புக்குறி நாள் பகுதியில் விழ வேண்டும், மாதப் பகுதியில் விழுந்தால் மாதம் கூடிவிடும். எது தெரிவாகியிருக்கிறது என்று ஊகிக்க வேண்டாம். அம்புக்குறியை அனுப்பியபின் 4097ஆல் வாசியுங்கள். வேண்டிய திகதி வந்திருந்தால் முடிந்தது. வராவிட்டால் வலது அம்புக்குறியை ஒரு தடவை அனுப்பி அடுத்த பகுதிக்கு நகர்ந்து, முந்தைய நாளை மீண்டும் செய்தியால் வைத்து, மேல் அம்புக்குறி. நான்கு சுற்றுக்குள் வரவில்லை என்றால் ஸ்கிரிப்ட் அந்தச் சீட்டைச் சேமிக்காமல் நிற்க வேண்டும். இப்படி எழுதினால் பிராந்திய அமைப்பு என்னவாக இருந்தாலும் கவலை இல்லை.

விசை அனுப்பவே முடியாத நிலையில், அந்த அறிவிப்பை நீங்களே தாய்ச் சாளரத்துக்கு அனுப்பலாம். செய்தி எண் 78, அறிவிப்பின் குறியீடு -759. அதற்கான நினைவகத் துண்டு 32 பிட் மென்பொருளில் 32 பைட், 64 பிட்டில் 48 பைட், உள்ளே இடங்களும் மாறும். சிஸ்டம்டைம் எங்கும் 16 பைட்டாகவே இருக்கும், இது அப்படி அல்ல. மிக அவசியமானால் ஒழிய இந்த வழிக்குப் போக வேண்டாம் என்பது என் ஆலோசனை.

எந்த வழியில் போனாலும், முதல் சில பதிவுகளைச் சேமித்தபின், சாளரத்தை மூடிவிட்டு அதே பதிவுகளை மென்பொருளில் மீண்டும் திறந்து பாருங்கள். அறிக்கை ஒன்றை அச்சிட்டும் பாருங்கள். பெட்டி சொல்வது ஒரு சாட்சி, சேமித்த பதிவு சொல்வதுதான் தீர்ப்பு.

எப்போதும் விரிந்திருக்கும் நாட்காட்டி

சிஸ்மந்த்கால்32 வகைக்கும் வாசிக்க 4097, வைக்க 4098 தான். இரண்டு வகைப் பெட்டிகளுக்கும் எண்ணிக்கை 4096இல் தொடங்குவதால் எண்கள் பொருந்திவிட்டன. நினைவக வேலையும் அதேதான்.

4098க்கு எப்போதும் 0 வந்தால், அந்த நாட்காட்டி பல நாட்களைத் தெரிவுசெய்ய அனுமதிக்கும் வகை. கன்ட்ரோல்கெட்ஸ்டைல் கட்டளையால் கிடைக்கும் எண்ணில் 2 என்ற பிட் இருக்கிறதா என்று பாருங்கள். டொட்நெட் நாட்காட்டிகள் எல்லாம் இந்த வகையே. இவற்றுக்கு வாசிக்க 4101, வைக்க 4102. நினைவகம் 32 பைட்: முதல் 16இல் தொடக்க நாள், அடுத்த 16இல் முடிவு நாள். ஒரே நாள்தான் வேண்டும் என்றால் இரண்டிலும் அதையே எழுதுங்கள். வீச்சு வைக்கும்போது மென்பொருள் அனுமதிக்கும் அதிகபட்ச நாட்களைத் தாண்டக்கூடாது, வழக்கமாக அது 7.

இங்கேயும் அறிவிப்புப் பிரச்சினை உண்டு, தீர்வும் அதேதான்: பக்கத்து நாளை வைத்து, இடது அல்லது வலது அம்புக்குறியால் ஒரு நாள் நகர்த்துவது. முழுவதையும் விசையால் செய்யவும் இந்த நாட்காட்டி இடம் கொடுக்கும். பேஜ்அப் ஒரு மாதம் பின்னால், பேஜ்டவுன் ஒரு மாதம் முன்னால், ஹோம் மாதத்தின் முதல் நாள். எத்தனை பேஜ்அப் என்று கணக்கிட, வருட வித்தியாசத்தை 12ஆல் பெருக்கி மாத வித்தியாசத்தைக் கூட்டுங்கள். நாட்காட்டி 2025 ஆகஸ்ட்டில் நிற்கிறது, காலபோக விதைநெல் கடன் கொடுத்தது 2024 ஒக்டோபரில் என்றால், 12 கூட்டல் (8 கழித்தல் 10), ஆக 10 தடவை. காலபோகம் ஒரு வருடத்தில் விதைத்து அடுத்த வருடத்தில் அறுப்பது. மாதத்தை மட்டும் கழித்துப் பார்க்கும் ஸ்கிரிப்ட் எங்கள் கணக்கில் கட்டாயம் பிழைக்கும்.

பைதனிலும் ஓட்டோஇட்டிலும்

மேலே சொன்ன நினைவக வேலையை நீங்களே எழுத விருப்பமில்லை என்றால், பைதனில் பைவின்ஓட்டோ என்ற நூலகம் அதை உள்ளேயே செய்துவிடும். திகதிப் பெட்டிக்கு செட்_டைம், கெட்_டைம் என்ற கட்டளைகள் உண்டு. இணைக்கும்போது பின்புலத்தை வின்32 என்று கொடுங்கள். செட்_டைமில் மாறிகளின் வரிசை வருடம், மாதம், வாரநாள், நாள். வருடம், மாதம், நாள் என்று மூன்றை மட்டும் வரிசையாகக் கொடுத்தால் மூன்றாவது வாரநாளுக்குப் போய்விடும். எப்போதும் மாறியின் பெயரோடு கொடுங்கள். 32 பிட் மென்பொருளுக்கு 32 பிட் பைதனையே நிறுவுங்கள், பழைய கணக்கு மென்பொருட்கள் பெரும்பாலும் 32 பிட்தான்.

ஓட்டோஇட்டில் திகதிப் பெட்டிக்கும் மாத நாட்காட்டிக்கும் தயாரான கட்டளைத் தொகுப்புகள் இருக்கின்றன. வேறு மென்பொருளின் பெட்டி என்று கண்டால் அவை தாமே அங்கே நினைவகம் ஒதுக்கிக்கொள்ளும். எதைப் பாவித்தாலும் அறிவிப்புப் பிரச்சினை அப்படியே இருக்கும், கடைசி அம்புக்குறியை மறக்க வேண்டாம்.

முழுப் பட்டியலையும் ஓட்டுவது

ஒரு சீட்டு சரியாக விழுந்ததும் சுற்றில் போட்டு ஓடவிட ஆசை வரும். பொறுங்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: புதிய பதிவுச் சாளரம் திறக்கும்வரை காத்திருத்தல், மற்றப் பெட்டிகளை நிரப்புதல், திகதியைக் கடைசியாக வைத்தல், வாசித்துச் சரிபார்த்தல், சேமித்தல், சேமித்ததற்கான செய்திப்பெட்டி வரும்வரை காத்திருத்தல். திகதியைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், கமக்காரரின் இலக்கத்தைத் தெரிவுசெய்ததும் திகதியை இன்றைக்கு மாற்றிவிடும் மென்பொருட்கள் இருப்பதுதான். நேரத்தை எண்ணிக் காத்திருக்காமல் சாளரம் வருவதை வைத்துக் காத்திருங்கள். பழைய கணினியில் சேமிப்பு சில நேரம் விரைவாக முடியும், சில நேரம் இழுக்கும்.

மின்சாரம் எந்த நேரமும் போகலாம் என்று நினைத்தே எழுதுங்கள். ஒவ்வொரு சீட்டும் முடிந்த உடனே, பற்றுச்சீட்டு இலக்கம், வைக்க நினைத்த திகதி, பெட்டியிலிருந்து வாசித்த திகதி, சேமித்ததா என்பவற்றை ஒரு கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் மொத்தமாக எழுதலாம் என்று விடக்கூடாது. மின்சாரம் திரும்பியதும் ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைப் பார்த்து, முடிந்த இலக்கங்களைத் தாண்டிப் போகும். கடைசி வரியில் உள்ள சீட்டையும், அதற்கு அடுத்ததையும் மட்டும் கையால் மென்பொருளில் தேடிப் பாருங்கள். சேமித்த கணத்துக்கும் கோப்பில் எழுதிய கணத்துக்கும் நடுவே மின்சாரம் போயிருந்தால், ஒரே சீட்டு இரண்டு தடவை ஏறிவிடும்.

நிறுத்துவதற்கு ஒரு விசையையும் வையுங்கள், எஸ்கேப் நல்லது. ஸ்கிரிப்ட் ஓடும்போது ஒருவர் பக்கத்தில் இருப்பதும் நல்லது.

செய்தி எட்டாத சாளரங்கள்

எல்லாம் சரியாக எழுதியும் ஒன்றும் நடக்கவில்லை, ஓப்பன்புரொசெஸ் 0 தருகிறது என்றால், அந்த மென்பொருள் நிர்வாகி உரிமையில் ஓடுகிறதா என்று பாருங்கள். விஸ்டா வந்ததில் இருந்து, குறைந்த உரிமையில் ஓடும் ஸ்கிரிப்ட் கூடிய உரிமையில் ஓடும் சாளரத்துக்குச் செய்தி அனுப்ப விண்டோஸ் விடாது. ஸ்கிரிப்ட்டையும் நிர்வாகியாக ஓட்டுங்கள்.

டபிள்யூபிஎஃப் மென்பொருட்களில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி ஹேண்டில் இல்லை. அங்கே, மற்ற மென்பொருளின் பெட்டிகளைப் பார்த்து இயக்க விண்டோஸ் தரும் யூஐ ஓட்டோமேஷன் வழி திறந்திருக்கும். பைவின்ஓட்டோவில் பின்புலத்தை யூஐஏ என்று மாற்றினால் திகதிப் பெட்டி தெரியும், அதன் மதிப்பை எழுத்தாகவே வைக்கலாம். எழுத்தாக வைப்பதால் பிராந்திய அமைப்பின் வரிசை மீண்டும் முக்கியமாகிவிடும். 12க்கு மேற்பட்ட நாள் ஒன்றை முதலில் வைத்துப் பார்த்து, வரிசை எது என்று உறுதிசெய்யுங்கள். ஜாவா மென்பொருளுக்கு ஜாவா அக்செஸ் பிரிட்ஜை (ஜாவா சாளரத்தின் உள்ளடக்கத்தை வெளியே காட்டும் வசதி) இயக்கினால்தான் உள்ளே உள்ளவை தெரியும். அதுவும் முடியாவிட்டால் விசைகள்தான், சீட்டுக்குச் சீட்டு சேமித்த பதிவைத் திறந்து ஒப்பிட்டபடி.